படங்குக் கயிற்றின் தடம்

புதிதாகத் தோட்ட டிஸ்பென்சரிகளைப் பொறுப்பெடுக்கப் போகிறவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். என் சாதனைகளை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அரைப் பக்கத்தில் தீர்ந்துவிட்டது. பிழைகள்தான் கைவசம் நிறைய இருக்கின்றன. அதில் ஒன்றை எழுதுகிறேன். முப்பத்திரண்டு வருடச் சேவையில் என்னை இன்னும் விடாத பிழை அது.

தோலில் சிவப்பாகவோ ஊதாவாகவோ பொடிப்புள்ளிகள் கண்டால் என்ன செய்வது என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். கண்ணாடித் தம்ளர் ஒன்றை அதன் மேல் வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். நிறம் வெளிறி மறைந்தால் இரத்தம் இன்னும் குழாய்க்குள்தான் ஓடுகிறது. பெரும்பாலும் ஒவ்வாமை, பூச்சிக்கடி போன்ற ஏதாவதாக இருக்கும். வெளிறாமல் அப்படியே நின்றால் இரத்தம் குழாயை விட்டுக் கசிந்து தோலுக்குள் தேங்கிவிட்டது என்று அர்த்தம். ஏன் கசிந்தது என்று அன்றைக்கே தேட வேண்டும். நம் ஆட்களின் கறுத்த தோலில் இது சட்டென்று தெரியாது. கீழ் இமையின் உட்புறம், மேலண்ணம், முன்கைகளின் உள்பக்கம், முழங்காலுக்குக் கீழே என்று தேடிப் பார்க்க வேண்டும். இவ்வளவும் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் கோட்டை விட்டேன்.

அதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. இரத்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பொறுப்பாக இருந்த காலம். ஒரு நாள் காலை, இரண்டு வயதுப் பிள்ளையை ஒரு தாய் தூக்கிக்கொண்டு வந்தாள். கண்ணைச் சுற்றியும் கழுத்திலும் சிவப்புப் புள்ளிகள். தம்ளரை வைத்து அழுத்தினேன், மறையவில்லை. தேயிலை பக்டரிக்கு ஓடி, கொழுந்து ஏற்றிவரப் புறப்பட்டுக்கொண்டிருந்த லொறியை நிறுத்தி, பிள்ளையையும் தாயையும் ஏற்றி நானும் கூடவே மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டர் அம்மா பிள்ளையின் சட்டையைக் கழற்றினார், காலைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், பிறகு தாயிடம் ஒரு கேள்விதான் கேட்டார். பிள்ளை வாந்தி எடுத்ததா? காலையிலிருந்து ஏழெட்டுத் தடவை எடுத்திருந்தது. முக்கி முக்கி வாந்தி எடுத்ததில் முகத்துச் சிறுகுழாய்கள் வெடித்திருக்கின்றன, நெஞ்சுக்குக் கீழே ஒரு புள்ளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை, ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு விடுகிறேன் என்றார். என்னிடம் சிங்களத்தில் இரண்டு விஷயம் சொன்னார். புள்ளி எங்கே இருக்கிறது என்பதோடு எங்கே இல்லை என்பதையும் பார்க்கப் பழகுங்கள் என்பது ஒன்று. அனுப்பியது சரி என்பது மற்றது.

அந்த இரண்டாவது விஷயத்தை நான் தோட்டத்துக்குத் திரும்பும் வழியிலேயே தொலைத்துவிட்டேன். மறுநாள் பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கு எடுக்கும் நேரம், எல்லாரும் கேட்க, தோட்டத்து மனேஜரான பெரிய துரை என்னைப் பார்த்து, இனி யாராவது வாந்தி எடுத்தால் லொறியை எந்தப் பக்கம் அனுப்ப வேண்டும் என்று கேட்டார். லொறி வராமல் அன்றைக்குக் கொழுந்து வாடிப்போனது உண்மைதான். ஆட்கள் சிரித்தார்கள். ஆபீஸ் கிளாக்கர் அதன் பிறகு என்னை லொறி டாக்டர் என்றுதான் கூப்பிட்டார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு முடிவு எடுத்திருந்தேன். இனிமேல் சிரிப்புக்கு இடம் கொடுக்கக் கூடாது. இது எவ்வளவு ஆபத்தான முடிவு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஒரு வருடம் போயிருக்கும். பள்ளிக்கூட மைதானத்துக்குப் பல் வைத்திய பஸ் வரப்போகிறது என்று அறிவித்திருந்தார்கள். பல் பிடுங்க வேண்டியவர்களின் பட்டியலை நான்தான் தயாரிக்க வேண்டும். அந்த வாரம் மாரியாயி வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். இருபத்தாறு வருடமாகக் கொழுந்து பறிக்கிறவர். வாயும் கொஞ்சம் நீளம். கங்காணியையே நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பார். எந்நேரமும் வெற்றிலை. ஈறிலிருந்து இரத்தம் வருகிறது, பல்லைப் பிடுங்கிவிட வேண்டும், பட்டியலில் பெயர் போடுங்கள் என்றார். வாயைத் திறக்கச் சொன்னேன். உள்ளே எல்லாம் வெற்றிலைச் சிவப்பு. இதில் எது சாறு, எது இரத்தம் என்று யார் கண்டது? வெற்றிலையை விடச் சொல்லி, பதினோராவதாக அவர் பெயரை எழுதினேன்.

எழுந்து போகும்போது, போகிற போக்கில் ஒன்று சொன்னார். இடுப்பைச் சுற்றிப் பொடிப்பொடியாகச் சிவந்திருக்கிறதாம். அரிப்பும் இல்லை, வலியும் இல்லையாம். சேலையைப் பக்கவாட்டில் நாலு விரல் அகலம் விலக்கிக் காட்டினார். கொழுந்து பறிக்கிற பெண்கள், செடி சேலையைக் கிழிக்காமலும் பனி நனைக்காமலும் இருக்க, இடுப்பிலிருந்து கீழே படங்குச் சாக்கைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். அந்தக் கயிறு ஓடுகிற இடத்தில், கயிற்றின் அகலத்துக்கே, செம்புள்ளிகள் வரிசையாக இருந்தன. கையில் நீலமாகக் கன்றிய ஒரு தடமும் கண்ணில் பட்டது. கேட்டதற்குக் கூடை இடித்தது என்றார்.

பாருங்கள், எவ்வளவு வசதியாக அமைந்துவிட்டது. வாய்ச் சிவப்புக்கு வெற்றிலை. இடுப்புப் புள்ளிக்குக் கயிறு. கையில் கன்றியதற்குக் கூடை. காய்ச்சல் இல்லை, ஆகவே டெங்கு இல்லை. தோட்டத்தில் இருக்கிற எவனும் ஒத்துக்கொள்ளக் கூடிய காரணங்கள். நகரத்திலிருந்து வந்த ஒரு டாக்டருக்குப் படங்கு என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது. தெரியாததனால் அவர் இரத்தம் எடுத்துச் சோதித்திருப்பார். எனக்குத் தோட்டம் தெரியும் என்ற கெட்டிக்காரத்தனம்தான் என் கண்ணை மறைத்தது. அப்போதுதான் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வைத்த கண்ணாடித் தம்ளர் என் மேசையில் இருந்தது. கையை நீட்டியிருந்தால் போதும்.

"மாரியாயி, கயித்த கொஞ்சம் லூசா கட்டு. தேங்கா எண்ண தடவு, சரியாப் போகும்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். காலைக் காட்டச் சொல்லவில்லை. ஆண் பிள்ளை நான், சேலையைத் தூக்கு என்று எப்படிச் சொல்வது என்று இன்றைக்குச் சப்பைக்கட்டு கட்டலாம். பக்கத்து அறையில் மிட்வைஃப் அம்மா சும்மாதான் உட்கார்ந்திருந்தார்.

பத்து நாளில் பல் பஸ் வந்தது. அதற்கு முன்னால் நாலு நாள் தோட்டத்து அம்மன் திருவிழா. கொழுந்து பறிக்க மலைக்கு யாரும் போகவில்லை. பஸ் வந்த அன்றும் கோயில் ஒலிபெருக்கி ஓயவில்லை. ஆட்களின் நெற்றியிலும் கையிலும் சட்டையிலும் குங்குமமும் மஞ்சளுமாக இருந்தது. பல் டாக்டர் இளைஞர். மத்தியானத்துக்குள் முடித்துக்கொண்டு யட்டவத்தப் பக்கம் இன்னோர் இடத்துக்குப் போக வேண்டும் என்ற அவசரம் அவருக்கு. பல் பிடுங்குமுன் ஒவ்வொருவருக்கும் பிரஷர் பார்த்து அனுப்புவது என் வேலை. பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்தேன்.

மாரியாயி வந்தார். வாயைத் திறந்தார். ஈறு ஓரமெல்லாம் சிவப்பு. திருவிழாவில் நன்றாக வெற்றிலை போட்டிருக்கிறாய் போலிருக்கிறதே என்று கேலி செய்தேன். அவர் முகம் சுருங்கிப்போனது. அன்று சொன்னதிலிருந்து தொடவே இல்லை என்று, கோயில் இருக்கும் பக்கம் திரும்பிச் சத்தியம் பண்ணினார். நான் நம்பவில்லை. இதையும் எழுதி வைக்கிறேன். நான் நம்பவில்லை.

பிரஷர் பட்டியைக் கையில் சுற்றிக் காற்றடித்தேன். ஒலிபெருக்கிச் சத்தத்தில் நாடி கேட்கவில்லை. மறுபடி அடித்தேன். அந்த நேரம் பார்த்துப் பஸ்ஸிலிருந்த உதவியாளர் பட்டியலில் ஏதோ குழப்பம் என்று கூப்பிட்டார். பட்டி பாதிக் காற்றோடு மாரியாயியின் கையில் இருக்க, நான் திரும்பி அவருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு மூன்று நிமிடம் ஆகியிருக்கும். பிறகு காற்றை விட்டுப் பட்டியைக் கழற்றினேன். முழங்கை மடிப்பில், பட்டிக்குக் கீழே, சிவப்பாகத் தூவிவிட்டதுபோல இருந்தது. திருவிழாக் குங்குமம் என்று நினைத்து, பஞ்சை நனைத்துத் துடைத்தேன்.

போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தேன். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

மாரியாயி தன் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இதுவும் படங்குக் கயிறாங்கையா?"

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இப்போது அவர் கையை இறுக்கிய கயிறு நான் சுற்றிய பட்டி. நாலு நாளாக அவர் படங்கே கட்டவில்லை. பத்து நாளாக வெற்றிலை போடவில்லை. இருபத்தாறு வருடம் ஒரு தடமும் போடாத கயிறு இந்த மாதம் மட்டும் ஏன் புள்ளி போட்டது என்று நான் அன்றே கேட்டிருக்க வேண்டும். எந்த இடத்தை இறுக்கினாலும் அந்த இடத்தில் இரத்தம் கசிகிறது என்றால் கோளாறு கயிற்றில் இல்லை. அவர் இரத்தத்தில் இருக்கிறது.

தம்ளர் ஒன்று வாங்கி அழுத்தினேன்; ஒரு புள்ளியும் மறையவில்லை. மிட்வைஃப் அம்மாவை அழைத்து, மாரியாயியைத் தட்டிக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காலைப் பார்க்கச் சொன்னேன். மிட்வைஃப் அம்மா வெளியே வரும்போது என்னிடம் கோபமாக இருந்தார். முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் நிறைய இருக்கிறது, பழையதும் புதியதுமாக என்றார்.

அதற்குள் பஸ்ஸில் பதினோராவது ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். மாரியாயியே எழுந்துவிட்டார். அவருக்குப் பல்தான் பெரிது. இந்தப் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்குத் தெரியும், ஒரு பல்தானே, பிடுங்கிவிட்டு அப்புறம் எங்கே வேண்டுமானாலும் வருகிறேன் என்றார். அப்படிப் பிடுங்கியிருந்தால் அந்தப் பல் இருந்த குழியிலிருந்து இரத்தம் நிற்காமல் ஓடியிருக்கும். நாங்கள் பஞ்சு வைத்து அடைத்துக்கொண்டே அவர் போவதைப் பார்த்திருப்போம். நான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். பல் டாக்டர் இறங்கி வந்து, என்ன தாமதம் என்று எரிச்சலாகக் கேட்டார். நான் மாரியாயியின் முழங்கையைத் திருப்பிக் காட்டினேன். அவர் ஒரு நிமிடம் பார்த்தார், கையுறையைக் கழற்றினார். பட்டியலை என் கையிலிருந்து வாங்கிப் பதினொன்றை அவரே வெட்டினார்.

இனி லொறி. பக்டரிக்குப் போன் எடுக்க வேண்டும் என்றதும் கை கொஞ்சம் தயங்கியது உண்மை. ஒரு வருடத்துக்கு முந்திய சிரிப்பு காதில் கேட்டது. வெட்கக்கேடு. ஒரு பெண்ணின் உயிர் ஒரு பக்கம், கிளாக்கரின் கேலி மறு பக்கம், இரண்டையும் நான் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எடுத்தேன். துரையே பேசினார். காரணம் கேட்டார். தோலில் புள்ளி என்றேன். லொறி தோட்டத்துப் பாதையில் குலுக்கும், அவருக்கு எங்கேயும் இடிபடக் கூடாது, உங்கள் வாகனத்தைத் தாருங்கள் என்றேன். லொறி கேட்டே ஏச்சு வாங்கியவன் ஜீப் கேட்டால் என்ன ஆகும் என்று நினைத்தேன். ஜீப் வந்தது. சில சமயம் நாம் பயப்படுகிற ஆட்கள் நாம் நினைக்கிற அளவுக்கு மோசமில்லை.

நானும் ஏறினேன். வலிக்கு மாத்திரை கேட்டார், கொடுக்கவில்லை. அவற்றில் பல இரத்தத்தை இன்னும் இளக்கிவிடும். ஊசி எதுவும் போடவில்லை. இரத்தோட்டை டவுனை நெருங்கும்போது மூக்கிலிருந்து இரத்தம் இறங்கத் தொடங்கியது. தலையைக் குனிய வைத்து, மூக்கின் மெல்லிய பகுதியை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டில் வாகனம் நின்றபோது ஜன்னல் வழியாக ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் ஐயா ஒரு கொழுந்துக்காரப் பெண்ணின் மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிற காட்சி அவர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். எனக்கு ஒரே பயம். தலைக்குள் கசிந்துவிட்டால் நான் எதைப் பிடிப்பேன்? மூக்கு அடைபட்ட குரலில் மாரியாயி ஏதோ சொன்னார், புரியவில்லை. மாத்தளை வரும்வரை விரலை எடுக்கவில்லை.

இரத்தத்தை உறையவைக்கிற பிளேட்லட் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது டெங்கு வந்த பிறகு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாரியாயிக்கு இருந்தது ஏழாயிரம். டெங்கு இல்லை. உடம்பு தன் பிளேட்லட்டைத் தானே அழிக்கிற ஒரு நோய். காய்ச்சல் இல்லாமல், வலி இல்லாமல், ஆளைக் கீழே தள்ளாமல் வரும். அதனால்தான் அவர் கூடையும் சுமந்து திருவிழாவும் ஆடியிருக்கிறார்.

அன்றைக்கு வார்டில் இருந்ததும் அதே டாக்டர் அம்மாதான். புள்ளியை முதலில் எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார். இன்றைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். மாரியாயி மறுத்திருக்கப் போவதில்லை. நாக்கு நுனிவரை அது வந்தது. பத்து நாளைக்கு முன் பார்த்தேன், கயிறு என்று நினைத்தேன் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு, போன தடவை அந்தப் பிள்ளையைக் கொண்டுவந்ததற்கு யாராவது ஏசினார்களா என்று கேட்டார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். ஆமாம் என்றேன். அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பத்துப் பேரானாலும் அனுப்புங்கள், திருப்பி அனுப்புவது என் வேலை என்றார். அந்தப் பேச்சை இந்தத் தடவை நான் வழியில் தொலைக்கவில்லை.

மாரியாயியைக் கண்டி ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அங்கே கொடுத்த ஸ்டீராய்ட் மாத்திரையில் முகம் உப்பி, பசி அதிகமாகி, பிளேட்லட் மெல்ல மெல்ல ஏறி, இரண்டு மாதத்துக்குப் பிறகு தோட்டத்துக்கு வந்தார். கூடை வேண்டாம் என்று பிள்ளைக்காம்பராவில், தாய்மார் மலைக்குப் போகும்போது விட்டுப்போகிற குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் போட்டார்கள். மாதத்துக்கு ஒரு தடவை என்னிடம் வருவார். பட்டியைக் கழற்றியதும் நான் பார்ப்பதற்கு முன்னால் அவரே முழங்கையைத் திருப்பிப் பார்ப்பார். அந்தப் பல்லும் அப்படியே இருந்தது. அது நல்ல பல்தான்.

மூன்றாவது தடவை வந்தபோது சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். நீங்களும் இப்படி ஒரு நாள் சொல்ல வேண்டி வரும், தள்ளிப் போடாதீர்கள். முதல் நாளே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், நான் சரியாகப் பார்க்கவில்லை, பிழை என்னுடையது என்றேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். கங்காணியையே விடாத வாய் அது. ஏசியிருந்தால் எனக்கும் பாரம் குறைந்திருக்கும். காலில் அவ்வளவு புள்ளி வந்த பிறகாவது ஒரு தடவை வந்திருக்கக் கூடாதா என்றும் கேட்டேன். அதில் கொஞ்சம் பழியை அவர் மேலும் தள்ளுகிற ஆசை இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

அவர் தன் கைகளைப் பார்த்தபடி சொன்னார்.

"கயித்த லூசா கட்டச் சொன்னீங்க. கட்டினேன். அப்பறமும் வந்திச்சு. படங்கு கால்ல ஒரசுதுன்னு அதையும் மடிச்சுக் கட்டிப் பாத்தேன். நாந்தான் சரியாக் கட்டலன்னு நெனச்சேங்கையா. திரும்ப வந்து சொன்னா, சொன்னதச் செய்யலயான்னு ஏசுவீங்கன்னு வரல்ல."

நான் ஒரு காரணத்தைச் சொல்லி அவர் வாயை அடைத்திருக்கிறேன். தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் அவர் மறுநாளே வந்திருப்பார். நான் தெரியும் என்று சொன்னதனால், வேலைக்குப் போன நாளெல்லாம், தன் உடம்பில் புதிது புதிதாகப் புள்ளி வர வர, அந்தப் பெண் கயிறு கட்டப் பழகியிருக்கிறார். இருபத்தாறு வருடம் கட்டிய கயிற்றை.

"நீங்க சரியாத்தான் கட்டினீங்க மாரியாயி" என்றேன். அவர் சரி என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, பிள்ளைகள் எழுந்துவிடும் நேரமாகிறது என்று போய்விட்டார்.